ஸ்பானர் யார் கையில்?



இந்த மாதப் பக்கத்தை மைசூரிலிருந்து எழுதுகிறேன். தேவராஜ மொஹல்லாவில் அக்கா வீட்டு மாடி. இங்கிருந்து சயாஜி ராவ் ரோடு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். விடியுமுன் தேவராஜ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையும் வாழைத்தாரும் இறக்குகிற டெம்போ, பிறகு சிட்டி பஸ், அதற்கும் பிறகு சின்ன கடியாரம் பக்கம் கடை திறக்கிற ஷட்டர் சத்தம். சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவாள் அக்கா. ஆஷாட வெள்ளிக்குச் சாமுண்டி மலை ஏற வந்த கூட்டம் வடிந்து, ஜூலையின் இரண்டாவது ஞாயிறு. லேசான தூறல். காபி டம்ளரோடு நின்றிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

கேட்டுப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டாம். பழகாதவர்களுக்கு எழுத்தில் விளக்க முடியாது. ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர், டூ ஸ்ட்ரோக் இன்ஜின். வெண்கலப் பானைக்குள் யாரோ தாளம் போடுகிற மாதிரி இருக்கும். முதலில் ஒன்று, பின்னால் இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. ஜாவாவும் யெஸ்டியும் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா-யெஸ்டி பிரியர்களுக்கு உலகம் முழுக்கத் திருநாள். மைசூரில் அது கொஞ்சம் கூடுதல் திருநாள். அந்த வண்டிகள் பிறந்த ஊர் இதுதானே. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், யாதவகிரியில்தான் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்தது. 1961இல் உற்பத்தி தொடங்கி 1996இல் மூடியது.

கீழ் வீட்டுப் பெரியவர் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். வயது எண்பதைத் தொடுகிறது. நான் இறங்கிப் போனபோது அவர் தெருவுக்கு வரவில்லை, திண்ணையிலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வண்டிகள் போகப் போக முணுமுணுத்தார்: "இது கிளாசிக்... இது ரோட் கிங்... இவனுக்குக் கார்புரேட்டர் பாக்கணும்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கம்பெனி போயி முப்பது வருஷம் ஆகப்போகுது தம்பி. வண்டி போகல பாத்தீங்களா?" என்றார்.

நான் மாடியில் விட்டுவந்த மேஜைமேல் ஒரு வாசகர் கடிதம் பதில் இல்லாமல் கிடந்தது. பெரியவர் பேச்சு நேராக அதில்தான் போய் விழுந்தது.

கடிதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியது. கார் ராலி என்றால் உயிர். 'சுபாரு போய்விட்டது, சுசுகி போய்விட்டது, ஃபோக்ஸ்வேகன் போய்விட்டது, சிட்ரோயனும் போய்விட்டது. உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இப்போது முழுமூச்சாக நிற்கும் பெரிய கம்பெனிகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். இந்த விளையாட்டு செத்துவிடுமா ஐயா?' என்று கேட்டிருந்தார். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "ராலின்னா கட்சிக்காரங்க போறதுதானே, அதுக்கு ஏன் இவன் அழறான்?" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ராலி என்பது வட்ட மைதானத்தில் சுற்றி வருகிற பந்தயம் இல்லை. காட்டுப்பாதை, மண்சாலை, மலைச்சாலை. அவற்றைப் பொதுப் போக்குவரத்துக்கு மூடிவிட்டு, ஒவ்வொரு காராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். எதிராளி கண்ணுக்குத் தெரியமாட்டான், கடிகாரம்தான் எதிராளி. பக்கத்து இருக்கையில் கோ-டிரைவர் ஒருவர் முன்கூட்டியே பாதை பார்த்து எழுதிய பேஸ் நோட்டை வாசித்தபடியே வருவார். "நூறு மீட்டர், இடது நாலு, உள்ளே கல், வெட்டாதே" என்கிற மாதிரி. கண்ணுக்கு வளைவு தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிட வேண்டும். அக்கா மணி சொல்கிற வித்தைதான்.

உலக அளவில் கம்பெனிகளுக்கான பட்டம் 1973இல் தொடங்கியது. அன்றிலிருந்து வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது. இத்தாலியின் லான்சியா மொத்தம் 10 பட்டங்கள் வாங்கியது. 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஆறாவது பட்டம் வரும்போதே கம்பெனியின் சொந்த அணி கிடையாது; 1991 முடிவில் கம்பெனி கையை எடுத்துக்கொண்டது, கார்களை ஒரு தனியார் அணி ஓட்டி ஜெயித்துக் கொடுத்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

மாணவர் சொன்ன பட்டியலில் என்னை அதிகம் உலுக்கியது 2008 டிசம்பர்தான். 15ஆம் தேதி சுசுகி விலகியது. மறுநாள் 16ஆம் தேதி சுபாரு. அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த வருடம். கார் வாங்க ஆளில்லை. அதே மாதத் தொடக்கத்தில்தான் ஹோண்டா ஃபார்முலா ஒன்னை விட்டிருந்தது. சுபாருவுக்காவது 1995, 96, 97 என்று மூன்று பட்டங்களும் நீலக் காரின் மேல் பித்துப் பிடித்த ரசிகர்களும் மிச்சம். சுசுகி பாவம், எஸ்எக்ஸ்4 காரை வைத்து முழுதாக ஓட்டியது அந்த ஒரே ஒரு வருடம். அந்த எஸ்எக்ஸ்4 வேறு யாரோ அல்ல. அதற்கு முந்தைய வருடம்தான் மாருதி நம் ஊர்க் கடைகளில் அதே பெயரில் ஒரு காரை நிறுத்தியிருந்தது. ஷோரூமில் கார் பார்க்கப் போனவர்களில் எத்தனை பேருக்கு அதன் தம்பி ஒருவன் பனியிலும் சரளையிலும் புரண்டுகொண்டிருந்தான் என்று தெரிந்திருக்கும்? பலருக்குத் தெரியாது என்பதுதான் என் ஊகம். விலகலுக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

கம்பெனி ராலிக்கு வருவது காடு பிடித்துப்போய் அல்ல. கார் விற்க. சரளையில் தாங்கினால் எங்கும் தாங்கும் என்று ஜனங்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை விற்பனையாகத் திரும்பாத நாளில், அல்லது கம்பெனிக்கு வேறு தலைவலி வந்த நாளில், முதலில் வெட்டுப்படுவது பந்தயச் செலவு. ஃபோக்ஸ்வேகன் 2013 முதல் 2016 வரை நான்கு வருடமும் எல்லாப் பட்டங்களையும் வாரிக்கொண்டது. 2015 செப்டம்பரில் டீசல் புகை மோசடி வெளியே வந்தது. 2016 நவம்பர் 2ஆம் தேதி விலகல் அறிவிப்பு. அடுத்த வருடத்துக்கான புதுக் கார் செய்து, ஓட்டிப் பார்த்து, தயாராக நின்றது; ஒரு ராலிகூட ஓடவில்லை. கல்யாணச் சமையல் முடிந்து இலை போடும் நேரத்தில் மண்டபத்தைப் பூட்டிய மாதிரி. சிட்ரோயன் கதை வேறு. 2019 நவம்பரில் அவர்கள் நட்சத்திர ஓட்டுநர் செபாஸ்டியன் ஓஜியே டொயோட்டாவுக்குப் போகிறார் என்றதும், அந்தத் தரத்தில் இன்னொருவர் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கடையை மூடினார்கள். இன்று திருவள்ளூரில் தயாராகி நம் சாலையில் ஓடும் சிட்ரோயன் சி3க்கும் அந்தப் பந்தய சி3க்கும் பெயர் ஒற்றுமை தவிர உறவு அதிகம் இல்லை. கேட்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

பணமும் விளம்பரமும் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. 1986இல் போர்ச்சுகல் ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து கார்சிகா தீவில் ஹென்றி டோய்வோனனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் காரோடு எரிந்துபோனார்கள். 'குரூப் பி' என்ற அந்த அசுர வகைக் கார்களுக்கே அடுத்த வருடம் முதல் தடை. போர்ச்சுகலுக்குப் பிறகு அவுடி ஒதுங்கியது. பெஜோ பாலைவனப் பந்தயத்துக்குப் போனது. நம் நாட்டிலும் 2019இல் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், தேசிய ராலி நடந்த பாதைக்குள் வந்துவிட்ட மோட்டார் சைக்கிள்மேல் கார் மோதி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள். சாலையை மூடுவது என்றால் கயிறு கட்டுவது மட்டும் இல்லை, ஊர்க்காரர் ஒவ்வொருவர் காதிலும் விஷயத்தைப் போடுவது. அது நடக்காத இடத்தில் எந்தக் கம்பெனி விலகினாலும் நான் வருந்த மாட்டேன்.

சரி, போனவர்கள் திரும்புவதே இல்லையா? அதற்குப் பிடதிக்கு வருவோம்.

பெங்களூரு - மைசூர் பழைய சாலையில் போனவர்களுக்குப் பிடதி என்றால் தட்டே இட்லி. 2023இல் எக்ஸ்பிரஸ் சாலை திறந்த பிறகு ஊரைத் தொடாமலே வந்துவிடுகிறார்கள். நான் இன்னும் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். அந்தப் பிடதியில்தான் டொயோட்டாவின் தொழிற்சாலை. 1999 கடைசியில் அங்கே முதல் வண்டிகள் வெளிவந்தன, குவாலிஸ். அதே 1999இல்தான் டொயோட்டா உலக ராலியில் கம்பெனிப் பட்டத்தை வென்றது. வென்ற கையோடு, ஃபார்முலா ஒன் போகிறேன் என்று ராலியை விட்டது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியேறினார்கள். ஃபார்முலா ஒன்னில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் 2009இல் அதையும் விட்டார்கள். 2017இல் மறுபடி ராலிக்குத் திரும்பி வந்து, இரண்டாவது ராலியிலேயே ஸ்வீடனில் ஜெயித்தார்கள். 2021 முதல் கம்பெனிப் பட்டம் அவர்கள் வீட்டில்தான். நம் இருங்காட்டுக்கோட்டைக்கார ஹூண்டாயும் இதே ரகம்: 2003இல் போனது, 2014இல் ஐ20யோடு வந்தது, 2019இலும் 2020இலும் பட்டம் வாங்கியது. ஆக, போகிறவர்கள் சிலர் திரும்புகிறார்கள். ஆனால் டொயோட்டாவுக்குப் பதினேழு வருடம் ஆயிற்று. அந்தப் பதினேழு வருடமும் காட்டுப்பாதையில் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யார் ஓட்டினார்கள்? யார் கையில் ஸ்பானர் இருந்தது? மாணவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுபாரு கைவிட்ட ஓட்டுநர் பெட்டர் சோல்பெர்க், நார்வேக்காரர், 2003இன் உலக சாம்பியன். டிசம்பரில் வேலை போயிற்று. 2009 தொடக்கத்தில் சொந்தமாக ஓர் அணி சேர்த்து, பழைய சிட்ரோயன் சாரா காரைப் பிடித்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தக் காரைச் சிட்ரோயனே ஓரங்கட்டி வெகுநாள் ஆகியிருந்தது. அந்தப் பழைய வண்டியில் மேடையும் ஏறினார்.

அதைவிடப் பெரிய கதை ஃபோர்டுடையது. 2012 முடிவில் ஃபோர்டு பணத்தை நிறுத்திக்கொண்டது. இங்கிலாந்தின் வடக்கு மூலையில், கம்பிரியாவில், மால்கம் வில்சன் என்ற பழைய ராலி ஓட்டுநர் நடத்திய எம்-ஸ்போர்ட் என்ற பட்டறைதான் அதுவரை ஃபோர்டுக்காகக் கார் செய்துகொண்டிருந்தது. லான்சியாவின் அந்தத் தனியார் அணியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: கம்பெனி போனாலும் பட்டறை மூடவில்லை. அதே ஃபியஸ்டாக்களைச் செய்து, தனியாருக்கு விற்று, அந்தக் காசில் அணி நடத்தினார்கள். ஃபோக்ஸ்வேகன் விலகியதும் வேலையில்லாமல் நின்ற ஓஜியேவை அழைத்துவந்து, 2017இல் ஓட்டுநர் பட்டம், கம்பெனிப் பட்டம் இரண்டையும் வென்றார்கள். கார் கம்பெனி அல்லாத ஒரு பட்டறை, கம்பெனிகளுக்கான பட்டத்தை! அடுத்த வருடம் ஃபோர்டு தன் பெயரோடும் ஆதரவோடும் திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. ஜெயித்த பிள்ளைக்குச் சொந்தக்காரர்கள் கூடுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஃபோர்டு என்றதும் நமக்கு மறைமலை நகர் ஞாபகம் வராமல் இருக்காது. ஃபியஸ்டா அங்கேயும் தயாரானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் அந்த வாசல் மூடியது. பந்தய அணியைக் கலைப்பதற்கும் தொழிற்சாலையை மூடுவதற்கும் ஒரே சொல்லைத்தான் செய்தித்தாள்கள் போடுகின்றன: விலகல். முதலாவதில் சில நூறு பேருக்கு வேறு அணி தேட வேண்டியிருக்கும். இரண்டாவதில் பஸ் ரூட்டே காலியாகும், டீக்கடை, வாடகை வீடு, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் ஆடும். யாதவகிரி அதை முன்பே பார்த்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ராலி அணி போனதற்காகக் கண்ணீர் விடுகிற நேரத்தில் அளவு தெரிந்து விடவேண்டும்.

இப்போது நம் ஊர் ராலி. இங்கேதான் விஷயம் தலைகீழாக இருக்கிறது.

தேசிய ராலி சாம்பியன்ஷிப் 1988இல் தொடங்கியது. அதன் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கார் கம்பெனிகள் அல்ல, டயர் கம்பெனிகள். எம்ஆர்எஃப் அணி, ஜேகே டயர் அணி. ஜிப்சியில் பறந்ததால் 'ஜிப்சி கிங்' என்றே பெயர் வாங்கிய ஹரி சிங், கொங்கு மண்ணிலிருந்து போன லீலாகிருஷ்ணன், நரேன்குமார் என்று அந்நாளைய வீரர்களைச் சொன்னால் கூடவே டயர் பெயரும் சேர்ந்துதான் வரும். கார் கம்பெனிகள் எட்டிப் பார்க்காமல் இல்லை. மாருதி இமயமலைப் பாதையிலும் தார் பாலைவனத்திலும் நடந்த நெடும்பயண ராலிகளுக்குப் பெயர் கொடுத்தது. மகிந்திரா எக்ஸ்யூவி500ஐ இறக்கியது. ஆனால் வருடா வருடம் செலவைத் தாங்கிய தோள் டயர்க்காரர்களுடையது.

காரணம் யோசித்தால் எளிது. கார் கம்பெனிக்குத் தன் கார் ஜெயிக்க வேண்டும். அடுத்தவன் கார் ஜெயித்தால் போட்ட காசு வீண். டயர்க்காரருக்கு எவன் கார் ஜெயித்தாலும் சரி, தன் டயர்மேல் உருண்டால் போதும். ஒரு மாடல் நின்றுபோனாலும் அவர் கடை மூடாது. இன்னொன்றும் உண்டு: நம் சரளையும் குழியும் டயருக்குச் சும்மா கிடைக்கிற பரிசோதனைக் கூடம். காட்டில் கிழியாத டயரை லாரிக்காரர் கண்ணை மூடி வாங்குவார்.

இந்த இடத்தில் மைசூர் மறுபடி குறுக்கே வருகிறது. கே.ஆர்.எஸ். ரோட்டுப் பக்கம் விக்ராந்த் டயர் தொழிற்சாலையை மைசூர்க்காரர்கள் அறிவார்கள். 1997இல் ஜேகே குழுமம் அதை எடுத்துக்கொண்டது. கணக்குப் பாருங்கள்: 1996இல் யாதவகிரியில் ஜாவா மூடுகிறது. அடுத்த வருடம், இந்திய ராலிக்கும் ரேஸுக்கும் காசு போட்டுக்கொண்டிருந்த டயர் கம்பெனி இதே ஊருக்குள் வருகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது, தற்செயல்தான். எனக்கு இம்மாதிரித் தற்செயல்களைக் கோத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயர் மட்டும் இருந்தால் ராலி ஓடுமா? கார் வேண்டாமா? அதைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மாருதி எஸ்டீம் 2007இல் நின்றது. முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி வி-டெக் 2003இல் நின்றது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரான மிட்சுபிஷி லான்சரும் செடியாவும் ஷோரூமிலிருந்து மறைந்து எவ்வளவோ நாள். இதில் மிட்சுபிஷி 2005 டிசம்பரிலேயே உலக ராலியைக் கைகழுவிய கம்பெனி. ஆனால் அதன் செடியா அதற்குப் பிறகுதான், 2006இல், இங்கே விற்பனைக்கே வந்தது. வந்து பல வருடம் நம் தேசிய ராலியின் மேல் வகுப்பில் ராஜ்ஜியம் நடத்தியது. எஸ்டீமும் வி-டெக்கும், கம்பெனி அவற்றை மறந்த பிறகும், நம் சர்வீஸ் பார்க்கில் ஜாக்கி மேல் ஏறி நின்றன. சக்கரத்தைக் கழற்றியபடி ஒரு பையன் அடியில் படுத்திருப்பான். கோ-டிரைவர் வாட்ச்சைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். நேரம் தாண்டினால் பெனால்டி.

அந்தக் கார்களுக்குச் சாமான் எங்கிருந்து வந்தது? கம்பெனி கவுன்ட்டரில் கேட்டால் சிரிப்பார்கள். சென்னையில் புதுப்பேட்டை, பெங்களூரில் சிவாஜிநகர் குஜ்ரி என்கிற பழைய சாமான் சந்தைகளிலிருந்து. ஒரு வி-டெக் இன்ஜின் எந்தக் கடையின் எந்த மூலையில் சாக்குப் போட்டு மூடியிருக்கிறது என்று தெரிந்த மெக்கானிக்தான் அந்தச் சீசனின் உண்மையான அணித் தலைவர். இதைப் பெருமையாகவும் சொல்லலாம், குறையாகவும் சொல்லலாம். எனக்கு இரண்டும்தான். கம்பெனிகள் இங்கே ஒழுங்காக வராததால், கம்பெனி போனால் என்ன செய்வது என்ற பயமே நமக்கு வளரவில்லை. அதே காரணத்தால்தான் நம் பையன்கள் இருபது வருடம் பழைய காரில் பழகி, வெளிநாட்டில் புதுக் காரைப் பார்த்ததும் முதல் நாலு ராலியைக் கற்பதிலேயே செலவழிக்க வேண்டியிருக்கிறது.

அதையும் மீறிப் போனவர் ஒருவர் உண்டு. கௌரவ் கில் 2013, 2016, 2017 என்று மூன்று தடவை ஆசிய-பசிபிக் ராலி சாம்பியன். 2019இல் அர்ஜுனா விருது. மோட்டார் பந்தயத்துக்காக அந்த விருது வாங்கிய முதல் ஆள். அவர் ஓட்டியது ஸ்கோடா, அணி எம்ஆர்எஃப். அந்த ஆசிய-பசிபிக் ராலியில் ஒரு கட்டம் சிக்மகளூர் காபித் தோட்டங்களுக்குள் நடந்தது. மைசூரிலிருந்து ஒரு காலைப் பயணம்தான். தோட்டக்காரர்கள் தங்கள் சொந்தப் பாதையை விட்டுக்கொடுத்தால்தான் அங்கே ராலியே. ஒரு நாள் ஓடினால் அந்த மண்பாதை உழுத வயல் மாதிரி ஆகிவிடும், மழை வருமுன் செப்பனிட வேண்டும். அந்தப் பாதையைத் தந்தவர் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படுவதில்லை.

ஸ்கோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. விலகுவதில் ஒரு நாகரிகம் உண்டென்றால் அதை இவர்களிடம்தான் பார்த்தேன். 2019 முடிவில் தங்கள் சொந்த அணியைக் கலைத்தார்கள். ஆனால் ராலிக் கார் செய்வதை நிறுத்தவில்லை. யார் காசு கொடுத்தாலும் ஃபேபியா கார், கூடவே உதிரிப் பாகம், கூடவே வழிகாட்டுகிற பொறியாளர். இது ஏன் முக்கியம் என்றால், ராலிக் கார் என்பது ஒரு தடவை செய்து வைத்துக்கொள்கிற பொருள் அல்ல. கம்பெனி அங்கீகாரச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும், உடைகிற பாகத்தை மாற்றி வடிவமைக்க வேண்டும். அது நின்றால் காரும் மெல்ல மெல்ல வாடும், வேர் அறுத்த செடி போல. அணியைக் கலையுங்கள், ஆனால் சாமான் அறையின் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்றுதான் நான் கம்பெனிகளிடம் கேட்பேன். ஸ்கோடா வைத்துவிட்டுப் போன சாவியை யார் எடுத்தார்கள் தெரியுமா? 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஸ்பெயின்காரர் எஃப்ரென் யரேனா. கார் ஸ்கோடா ஃபேபியா. அணியின் பெயர் டீம் எம்ஆர்எஃப் டயர்ஸ். 1946இல் திருவொற்றியூரில் ரப்பர் பலூன் செய்து தொடங்கிய கம்பெனியின் பெயர், ஐரோப்பாவின் பட்டத்தில். அன்று நம் பத்திரிகைகளில் அந்தச் செய்தி எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. நம் இதழிலும் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மாலையில் பெரியவரிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஜாவா ஏன் போயிற்று என்று அவரிடம் கேட்பது முறையா என்று தயக்கமாக இருந்தது; அவரே எடுத்தார். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தது, ஒரு லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்றார்கள். "நம்ம வண்டி பெட்ரோலை டீ மாதிரி குடிக்கும். புகை வேற. சட்டம் இறுக்கிச்சு, ஜனங்களும் மாறிட்டாங்க. யாரைத் திட்டறது?" என்றார். கோபம் இல்லை. ரோட் கிங் இன்ஜின் மோட்டோகிராஸ் வண்டியின் வம்சம் என்று சொல்லும்போது மட்டும் முதுகு நிமிர்ந்தது. "பந்தய ரத்தம் தம்பி. அதான் முதல் கியர்லயே துள்ளும்." 2018இல் ஜாவா பெயரும் 2022இல் யெஸ்டி பெயரும் வேறு கம்பெனி மூலம் சந்தைக்குத் திரும்பி வந்ததைப் பற்றிக் கேட்டேன். "பாத்தேன், நல்லா இருக்கு. கிக்கரும் கியரும் ஒரே லீவர்ல இல்லையே," என்று முடித்துக்கொண்டார். பழைய வண்டியில் உதைக்கிற கட்டையையே மடக்கினால் கியர் கட்டையாகிவிடும், ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு யெஸ்டி வந்து நின்றது. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசுப் பையன், காலை ஊர்வலத்தில் போனவனாம். "தாத்தா, ஐட்லிங் நிக்கமாட்டேங்குது" என்றான், பாதி கன்னடமும் பாதித் தமிழுமாக. அந்த வண்டி ஆலையை விட்டு வந்தபோது இவன் பிறந்திருக்கவில்லை. பெரியவர் எழுந்திருக்கவில்லை. காலையில் மாதிரியே கண்ணை மூடி, "ஸ்டார்ட் பண்ணு" என்றார். கொஞ்சம் கேட்டார். "காலைல மூணாவதா போனவன் நீதானே?" பையன் முழித்தான். உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து அவனிடம் நீட்டினார். "நான் சொல்றேன், நீ திருப்பு. கால் சுத்து. போதும்னா போதும்."

பொள்ளாச்சித் தம்பிக்கு இந்தப் பக்கத்தையே பதிலாக அனுப்பிவைக்கிறேன். அவர் தந்தை வால்பாறைப் பக்கம் நடந்த ஒரு ராலியில் டைம் கன்ட்ரோல் மேஜையில் உட்கார்ந்து சீட்டில் நேரம் குறித்துக் கொடுத்தவராம். கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தார். அதை அவர் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். உங்களில் யாராவது அப்படி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தால், கொடி காட்டியிருந்தால், சோழவரம் ஓடுதளத்தில் வெயிலில் நின்று பார்த்திருந்தால், பழைய டைம் கார்டோ ராலித் தகடோ பரணில் கிடந்தால், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம்.

இந்த இதழில் தேவராஜ மார்க்கெட் பூக்காரர்களைப் பற்றிய கட்டுரை 14ஆம் பக்கத்தில். அக்காதான் சேதி கொடுத்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
ஆசிரியர்